விரிசலுக்கு விலை

ஜாடி முழுக்க விரிசல். கீழே போட்டு உடைத்து, பசை போட்டு ஒட்டினாற்போல இருக்கும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். 2017-ல் ஹாங்காங் சாதபீஸ் ஏலத்தில் சோங் வம்சத்துக் கிண்ணம் ஒன்று 29.4 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. தூரிகை கழுவுகிற கிண்ணம்தான். குறுக்களவு 13 செ.மீ. அதன் நீலப்பச்சைப் பூச்சிலும் பனிக்கட்டி விட்டாற்போல மெல்லிய விரிசல்கள்.

காரணம் எளிய பௌதிகம். சூளையில் வெந்து ஆறும்போது மண்ணைவிட, மேலே இருக்கும் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு அதிகம் சுருங்கினால் வெடிக்கும். மற்ற குயவருக்கு இது தப்பு. சோங் காலத்துச் சீனர்கள் (960–1279) அந்தத் தப்பைப் பழக்கி அலங்காரமாக்கிவிட்டார்கள். 'கே' வகை ஜாடிகளில் பெரிய விரிசல் கறுப்பு, சின்னது மஞ்சள். 'தங்க நூல், இரும்புக் கம்பி' என்று அதற்குப் பெயரே உண்டு. 'கே' என்றால் அண்ணன். லாங்சுவானில் அண்ணன், தம்பி இரண்டு குயவர்கள் இருந்ததாகவும், இது அண்ணன் சூளைச் சரக்கு என்றும் கதை. இவை சோங் காலமா, அடுத்து வந்த யுவான் காலமா என்று அறிஞர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள்.

சரி, பழசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரிசலை நம்பாதீர்கள். இன்றைக்குச் செய்த ஜாடியிலும் விரிசல் வரவழைக்கலாம். டீத்தண்ணியில் ஊறப்போட்டால் நூறு வயசு கூடிவிடும். ஜாடியைக் கவிழ்த்து, பூச்சில்லாத அடி வளையத்தைப் பாருங்கள். பழைய 'குவான்', 'கே' வகைகளில் இரும்புச் சத்துள்ள கருமண். வாய் விளிம்பில் பூச்சு மெலிந்து அந்த மண் ஊதாவாகத் தெரியும். 'ஊதா வாய், இரும்புக் கால்' என்பார்கள். பிற்பாடு ஜிங்தெஜென்னில் செய்த நகல்களில் உள்ளே வெள்ளைப் பீங்கான். காலுக்குப் பழுப்புச் சாயம் பூசியிருப்பார்கள்.

இதற்காக நகலையெல்லாம் திட்ட வேண்டாம். யோங்செங் சக்கரவர்த்தி (1723–35) காலத்தில் சோங் ஜாடிகளைப் பார்த்துச் செய்து, அடியில் தன் பெயரையே பொறிக்க வைத்தார். நேர்மையான மரியாதை அது. எனக்குச் சங்கடம் தருவது வேறு வகை: சாம்பல் விரிசல், பழுப்புப் பட்டை, மேலே கலர் கலராகக் குதிரை வீரர்கள், அடியில் செங்ஹுவா (1465–87) முத்திரை. பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டுக் கடைசியிலோ அதற்குப் பிறகோ செய்தவை. முத்திரை பொய் என்பதைக்கூட மன்னிக்கலாம். விரிசலும் சித்திரமும் ஒன்றையொன்று பேசவிடாமல் கத்துகின்றனவே, அதை மன்னிக்க முடியவில்லை. சோங் குயவருக்கு விரிசல் ஒன்றே போதுமாக இருந்தது.

சந்தேகமிருந்தால் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பெர்சிவல் டேவிட் சேகரிப்பைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வித்தியாசம் கண்ணுக்கே புரியும். அதற்கு வசதி இல்லையென்றால், பிடித்த ஜாடியை அலங்கார ஜாடியின் விலைக்கு வாங்கிப் பூ வையுங்கள். விரிசலுக்கென்று தனியாக ஒரு பைசா தராதீர்கள்.