பர்னாந்துவைத் திருத்தாதீர்கள்

பூந்தமல்லி தாண்டினால் நசரத்பேட்டை. நசரேத்பேட்டை என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதனால் யாரும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. ஊர்ப் பெயருக்கு இந்தச் சலுகை உண்டு. ஆள் பெயருக்குக் கிடையாது.

தூத்துக்குடிக்கு 1927-ல் வல்லநாட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இங்கிலீஷில் அதே மனிதர் ஃபெர்னாண்டஸ். பத்திரிகையில் 'பர்னாந்து' என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள், 'பெர்னாண்டோ' என்று திருத்த ஒருத்தர் ரெடியாக இருப்பார். "அதானே சார் கரெக்ட்?" என்பார்.

கரெக்ட்டா? கொஞ்சம் ஆதிக்குப் போவோம்.

ஸ்பெயினை 711 வரை ஆண்டவர்கள் கோத் இனத்தவர். அவர்கள் மொழி அழிந்தது, பெயர்கள் பிழைத்தன. இந்தப் பெயர் இரண்டு சொற்களின் ஒட்டு. பின்பாதிக்குத் 'துணிச்சல்' என்று அர்த்தம். முன்பாதி 'அமைதி' என்று ஒரு கட்சி, 'பயணம்' என்று இன்னொரு கட்சி. நான் பயணக் கட்சி. ஆதாரமெல்லாம் இல்லை, நம்ம கடலோடிகளுக்குப் பொருந்துகிறதே என்ற ஆசைதான்!

ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட். கட்டலான் மொழியில் ஃபெர்ரான். மெக்சிகோவை மடக்கிய கோர்ட்டெஸின் முதல் பெயரான எர்னானும் இதுவே. கடைசியில் ஓர் 'எஸ்' சேர்த்தால் 'ஃபெர்னாண்டோவின் மகன்'. நம்ம ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் அந்த வகை. தூத்துக்குடி ரொட்ரிகோக்களின் பெயரும் கோத் சரக்குதான். 711-ல் வீழ்ந்த ராஜாவின் பெயர் அது.

1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றபோது, போர்ச்சுகீசியப் பெயர்கள் கரையேறின. இங்கேதான் விஷயம் இருக்கிறது. போர்ச்சுகீசில் நம்ம 'ட' கிடையாது. நாக்கு பல்லைத் தொடும், 'த' தான். கடைசி 'ஓ'வும் போர்ச்சுகலில் இன்றைக்கு 'உ' போலத்தான் ஒலிக்கும். 'ஃபெர்னாந்து' என்பார்கள். தமிழில் 'ஃப' இல்லை, 'ப' ஆனது. அவ்வளவுதான் மாற்றம். இலங்கையில் சிங்களவர்கள் எழுதுவதும் 'பிரனாந்து'. பாமரன் கொச்சைப்படுத்திவிட்டான் என்று நினைக்கிறோமே, அவன் காதால் கேட்டதை எழுதியவன். 'டோ' போட்டவர்கள் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைக் கண்ணால் படித்தவர்கள். சந்தேகமிருந்தால் லிஸ்பன் ஆசாமி யாரையாவது சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

ஜோ டி குரூஸ் அந்தக் கரையின் பேச்சை நகரத்து நாக்குக்காக இஸ்திரி போடாமல் 'கொற்கை'யில் எழுதினார். 2013-ல் சாகித்ய அகாடமி விருதே வந்தது. நாவலில் ரசிக்கிறோம், நியூஸில் திருத்துகிறோம். இது என்ன நியாயம்?

நான் காமர்ஸ் படித்தவன். ஒரே பார்ட்டிக்கு லெட்ஜரில் இரண்டு பெயர் இருந்தால் ஆடிட்டர் விடமாட்டார். தாலுகா ஆபீஸும் அப்படித்தான். தாத்தா பத்திரத்தில் பர்னாந்து, அப்பா ரேஷன் கார்டில் பர்னாண்டோ, பேரன் பாஸ்போர்ட்டில் ஃபெர்னாண்டோ. மூன்று பேரும் ஒரே குடும்பம்தான் என்று அந்தப் பேரன் அஃபிடவிட்டும் கையுமாக நிற்க வேண்டும்.