கொரியப் போர்ப் புதினங்கள்: ஒரு புறத்திணை நோக்கு

போரைப் பாடிய நம் முன்னோர் வெற்றியை மட்டும் பாடி அமைந்தாரல்லர். வஞ்சித் திணையின் துறைகளை வகுத்த தொல்காப்பியர், பகைவர் நாடு எரியுண்ணும் கொடுமைக்கும் ஒரு துறை வகுத்தார். முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அம்பு தொடுக்குமுன் பெண்டிரையும் பிணியுடையோரையும் அரண் தேடிச் செல்லுமாறு எச்சரிக்கும் அறத்தைப் போற்றினார். இம்மரபில் வந்த நாம் எந்நாட்டுப் போர் இலக்கியத்தை எடுத்தாலும் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு. படைக்கலம் ஏந்தாத மக்களுக்கு இந்நூலில் என்ன இடம் தரப்பட்டுள்ளது?

1950 சூன் 25ஆம் நாள் மூண்டு, 1953 சூலை 27இல் போர்நிறுத்த உடன்பாட்டோடு அடங்கிய கொரியப் போரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த இரு புதினங்களை இவ்வினா கொண்டு அளந்து பார்ப்போம்.

முதலாவது, 1968இல் வெளிவந்த 'மாஷ்'. கொரியாவில் அமெரிக்கப் படையின் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய ஒருவர், ரிச்சர்ட் ஹூக்கர் என்னும் புனைபெயரில் எழுதியது. திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் உலகெங்கும் பரவியது. குருதி தோய்ந்த கூடாரத்தில் இரவு பகலாக அறுவை செய்வோர், பித்துப் பிடியாதிருக்கவே நகைக்கின்றனர். அந்நகைப்பு உண்மையானது; அதனை இகழ்தற்கில்லை. ஆயினும், எவர் மண்ணில் இக்கூடாரம் அடிக்கப்பட்டதோ அவர்கள் இந்நூலில் ஏவலராகவும் நிழலுருக்களாகவுமே வந்து போகின்றனர். விதிவிலக்காக நிற்பவன் ஹோ-ஜோன் என்னும் இளைஞன். எடுபிடி வேலை செய்யும் அவன் படைக்குப் பிடித்துச் செல்லப்படுகிறான். குண்டடி பட்டு மீள்கிறான். மருத்துவர்கள் அவனைப் பிழைப்பித்து, பொருள் திரட்டி அமெரிக்காவிற்குப் படிக்க அனுப்புகின்றனர். அன்புள்ளம் கொண்ட செயலே. ஆனால் அவன் ஊர் என்னவாயிற்று, உடன்பிறந்தார் என்னவாயினர் என்று நூல் நின்று கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய காலம் அது. 1950 சூலையில் நோகன்ரி என்னும் சிற்றூரருகே, இருப்புப்பாதைப் பாலத்தின் கீழ் ஒண்டியிருந்த அகதிகளை அமெரிக்கப் படையினர் சுட்டனர். அகதிக் கூட்டத்துள் பகைவர் கலந்து வருகின்றனர் என்ற அச்சம் படையினரிடையே பரவியிருந்தது. மாண்டவருள் பெண்டிரும் குழந்தைகளும் பலர். இச்செய்தி 1999இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் வெளியிட்ட பின்னரே உலகின் கவனத்தைப் பெற்றது. 2001இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டன் வருத்தம் தெரிவித்தார். நெட்டிமையார் போற்றிய எச்சரிக்கை அம்மக்களுக்குக் கிட்டவில்லை.

இரண்டாவது, 1964இல் வெளிவந்த 'தி மார்ட்டியர்ட்'. இதன் ஆசிரியர் ரிச்சர்ட் கிம், தென்கொரியப் படையில் பணியாற்றிய கொரியர். பியோங்யாங் நகரில் பொதுவுடைமையர் சிறைப்பிடித்த பதினான்கு கிறித்தவப் போதகருள் பன்னிருவர் கொல்லப்பட்டனர், இருவர் பிழைத்தனர். மாண்டோரைத் தியாகிகளாக்கிப் பரப்புரை செய்யப் படைத்தலைமை விழைகிறது. அவர்களுட் சிலர் இறுதியில் நம்பிக்கை இழந்து மடிந்தனர் என்பதே உண்மை. அதனை அறிந்த ஷின் என்னும் போதகர், துயருறும் மக்களின் பற்றுக்கோடு அறுந்துபோகாதிருக்க உண்மையை மறைத்துப் பழியைத் தாமே ஏற்கிறார். படைகள் பின்வாங்கும்போதும் அவர் மக்களை விட்டு அகலவில்லை. மக்களைக் காக்கும் பொய் அறமாகுமா என்ற வினாவை ஆசிரியர் விடையின்றியே விட்டுச் செல்கிறார். நூலின் வலிமை அங்கேதான் உள்ளது. குறையும் உண்டு. பெண்களின் குரல் ஏறக்குறைய இல்லை. பொதுமக்கள் பெரும்பாலும் கூட்டமாகவே தோன்றுகின்றனர். எனினும் அக்கூட்டத்தின் துயரமே கதையை நடத்துகிறது. 'மாஷ்' தராத இடத்தை இந்நூல் தருகிறது.

இங்கே நம்மவர் கதை ஒன்று குறுக்கிடுகிறது. 1950 டிசம்பரில் அதே பியோங்யாங்கிலிருந்து படைகள் பின்வாங்கியபோது, அங்கே இந்தியாவின் 60ஆம் பாராசூட் கள மருத்துவப் படையும் இருந்தது. அதன் தலைவர் ஏ. ஜி. ரங்கராஜ் என்னும் தமிழர். ஏற்றிச் செல்ல ஊர்தியில்லை. மருந்துகளையும் கருவிகளையும் கைவிட மனமில்லை. ஒரு பழைய நீராவி இரயிலைக் கண்டுபிடித்துத் தாமே இயக்கி, அனைத்தையும் ஏற்றிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தனர். 1951 மார்ச் 23இல் மூன்சானில் அமெரிக்க வான்குடைப் படையுடன் ரங்கராஜும் சிறு குழுவினரும் குதித்துக் காயமுற்றோரைக் காத்தனர். படையின் மற்றொரு பிரிவு தேகு நகரில் பொதுமக்களுக்கும் மருத்துவம் செய்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. போர் ஓய்ந்தபின், தாயகம் திரும்ப மறுத்த கைதிகளின் வழக்கை ஏற்ற நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் மைசூருக்கு அண்டையிலுள்ள குடகில் பிறந்த திம்மையா. அவர் 1965இல் மறைந்தார். அவ்வனுபவத்தை அவர் எழுதிய நூல் 1981இல் வெளிவந்தது.

திம்மையாவின் கொரியா நூலாயிற்று. ரங்கராஜின் கொரியா தமிழ்ப் புனைவில் தனக்குரிய இடத்தை இன்னும் பெறவில்லை. தமிழுக்கு இத்தகைய எழுத்து இயலாததன்று. சப்பானியர் ஆட்சியில் மேடான் நகரில் வாழ்ந்த ப. சிங்காரம், 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் அதனை மெய்ப்பித்துள்ளார். கடைத்தெருவில் நின்று போரைக் கண்டவர் அவர். ஆதலின் வட்டிக்கடைப் பையனுக்கும் அவர் நூலில் வரலாற்றில் ஓர் இடம் கிடைத்தது.

பிழைப்பு நாடி வந்த குடும்பங்களுள் படைப்பணியால் இடம்பெயர்ந்தோரும் உண்டு. பழைய பெட்டியில் மடித்து வைத்த கடிதம், மங்கிய நிழற்படம், பேரன் கேளாததால் பாட்டன் சொல்லாது விட்ட செய்தி ஆகிய இவையே நாளைய புதினத்தின் மூலப்பொருள்கள். தமிழ்ச் சங்கங்கள் இவற்றை இன்றே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். எழுதும்போது வீரரின் தீரத்தோடு, அவர் கட்டுப் போட்ட கொரியத் தாயின் ஊரையும் பெயரையும் கேட்டுக் குறித்தல் வேண்டும். புறத்திணை நமக்குக் கற்பித்த நெறி அதுவே.