வைரமும் அதன் முன்னால் படியும் அழுக்கும்

சென்னை மணலியில் இருப்பது போன்ற எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில், பம்புகளையும் குழாய்களையும் காவல் காக்கும் தீ உணரிகளில் ஒரு வகை புறஊதாக் கதிரைத்தான் தேடுகிறது. 280 நானோமீட்டருக்குக் குறைந்த சூரிய ஒளியை ஓசோன் மேலேயே விழுங்கிவிடும். ஆகவே பட்டப்பகலிலும் அந்தப் பகுதியில் ஒளி தென்பட்டால் அது தீ. அல்லது பக்கத்தில் யாரோ வெல்டிங் வைக்கிறார்கள். பொய் அலாரத்துக்குப் பேர்போன காரணம் அது.

விண்வெளியில் ஓசோன் காவல் கிடையாது. சூரியனின் புறஊதாவை அளக்கப் போனால், அதைவிடப் பல மடங்கு வலுவான வெளிச்சமும் கூடவே வந்து விழும். சிலிக்கான் உணரி இரண்டையும் பிரித்தறியாது. வடிகட்டி மேல் வடிகட்டி போட்டால் வேண்டிய கதிரும் குறைந்துபோகும். வைரம் இங்கேதான் கைகொடுக்கிறது. அதில் எலெக்ட்ரானை விடுவிக்க 5.5 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். 225 நானோமீட்டரைத் தாண்டிய ஒளியை அது அநேகமாகக் கண்டுகொள்வதே இல்லை. கதிர்வீச்சைத் தாங்கும், சிலிக்கானைப் போலக் குளிரூட்ட வேண்டியதில்லை. மீத்தேனையும் ஹைட்ரஜனையும் பிளாஸ்மாவாக்கி ஆய்வகத்திலேயே வளர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் உண்மைதான். ஆனால் 2009 நவம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பியச் செயற்கைக்கோள் புரோபா-2 வேறொரு பாடத்தையும் தந்தது. சூரியனின் புறஊதாவை அளக்க அதில் வைத்த லைரா கருவியில் மூன்று அலகுகள். அன்றாட வேலைக்கு வைத்த அலகின் உணரிகள் எல்லாமே வைரம். அந்த அலகில் லைமன்-ஆல்ஃபா என்ற புறஊதாக் கதிரை அளக்கும் தடம் வெகு சீக்கிரமே தன் திறனில் பெரும்பகுதியை இழந்தது. கருவிக்குள்ளேயே பொருத்திய எல்.இ.டி. விளக்குகளை எரித்துப் பார்த்தபோது உணரிகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. கெட்டது, முன்னால் இருந்த வடிகட்டி. செயற்கைக்கோளின் பாகங்களிலிருந்து கசியும் கரிமச் சேர்மங்கள் அதன் மேல் படிகின்றன; புறஊதா அவற்றை இறுக்கி ஒட்டவைக்கிறது. ஆலைத் தீ உணரியின் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் படிந்தால் அதுவும் இப்படித்தான் குருடாகும். வைரத்துக்கும் சொந்தக் குறை இல்லாமலில்லை. லைராவின் ஒருவகை வைர உணரிகள் ஒளி பட்டதும் நிலைக்கு வர நெடுநேரம் எடுத்துக்கொண்டன.

இன்னொரு வரம்பு, நம் ஊர் வானியலுக்கு நெருக்கமானது. லைரா சூரியனின் புறஊதாவை மொத்தமாக அளக்கிறது, படம் எடுப்பதில்லை. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கியோ மங்கிய விண்மீன்களை ஃபோட்டான் ஃபோட்டானாக எண்ணிப் படமாக்க வந்தது. 200 முதல் 300 நானோமீட்டர் வரை பார்க்கும் அதன் தடம் 2018இல் நின்றுபோனது. அங்கே வைரம் இருந்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்த அலைநீளங்களில் பெரும்பகுதி வைரத்துக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தொலைநோக்கியிடம் நான் மெச்சுவது வேறு: பாகங்களின் கசிவு அடங்கட்டும் என்று, ஏவிய பிறகு இரண்டு மாதம் கதவைத் திறக்காமல் வைத்திருந்தார்கள்.

வைரத்தை இந்தியாவிலேயே வளர்க்கும் முயற்சியும் உண்டு. 2023 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, ஆய்வக வைரத்துக்கென ஐந்தாண்டுகளுக்கு 242.96 கோடி ரூபாய் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஒதுக்கப்பட்டது. விதைக் கல்லையும் வளர்க்கும் இயந்திரத்தையும் இங்கேயே செய்வதுதான் முதல் நோக்கம். நகை வியாபாரத்துக்கு அது போதும். உணரிக்கு வேண்டிய கல்லில் நைட்ரஜன் நூறு கோடி அணுவுக்குச் சில அணுக்களே இருக்கலாம். அதை வளர்த்து எடுத்தாலும், வடிகட்டியும் அதன் தூய்மையும் தனியாகச் செலவு கேட்கும்.