சொக்கா மண்டியிட்ட காட்சி

சிறுவர் தொடர்களில் யாருக்கு இடம் கிடைக்கிறது என்ற பேச்சு பெரும்பாலும் தலைக்கணக்கோடு முடிந்துவிடுகிறது. பெண்கள் எத்தனை பேர், எந்தெந்த நிறத்தவர், மாற்றுத்திறனாளி உண்டா? இந்தக் கணக்கு தேவைதான். ஆனால் 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் 61 பகுதிகளாக வந்த ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ அனிமேஷன் தொடரின் சாதனை அந்தக் கணக்கில் பிடிபடாது. மைக்கேல் டான்டே டிமார்ட்டினோவும் பிரையன் கொனியெட்ஸ்கோவும் படைத்த அந்த உலகில் நெருப்பு நாடு காற்று நாடோடிகளைப் பூண்டோடு அழித்து நூறாண்டு ஆகிறது. எஞ்சியிருப்பவன் ஆங் என்ற 12 வயதுச் சிறுவன் மட்டுமே.

இரண்டாம் பருவத்தில் வரும் டோஃப் பிறவியிலேயே பார்வையற்றவள். வெறுங்காலால் மண்ணின் அதிர்வை உணர்ந்து, மல்யுத்தக் களத்தில் பெரிய உருவங்களைச் சாய்ப்பவள். கண் இல்லாதவருக்கு மாயசக்தி கொடுத்து ஈடுகட்டும் பழைய வழக்கம்தானே என்று முதலில் தோன்றும். ஆனால் தொடர் அவளைப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போகிறது. மணலில் அதிர்வுகள் மங்கிப்போகின்றன. நண்பர்கள் உள்ளே சிக்கிய நூலகம் மண்ணுக்குள் புதைகிறது. அவள் அதைத் தாங்கிப் பிடித்தபடி நிற்க, ஆங்கின் பறக்கும் காட்டெருமையைத் திருடர்கள் கடத்திச் செல்கிறார்கள். அவள் எதைச் செய்தாலும் ஒன்று கைவிட்டுப் போயிருக்கும். இன்னொரு பகுதியில் நீரில் விழுந்து நீந்தத் தெரியாமல் தத்தளிக்கிறாள். அவளுடைய திறமைக்கும் எல்லைக்கும் ஒரே காரணம்தான். அதைக் கதை எங்கும் மறைப்பதில்லை. பார்வையைத் திருப்பித் தந்து முடித்துவைக்கவும் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆங்குக்கும் அவன் தோழி கட்டாராவுக்கும் குரல் தந்தவர்கள் வெள்ளையர்கள். அவதாரம், சக்கரங்கள், நெற்றிக்கண் என இந்தியாவிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொண்ட தொடரில் இந்தியச் சாயலுள்ள மனிதர் என்று நினைவில் நிற்பவர் வேடிக்கையான குரு பாத்திக் ஒருவர்தான். நெற்றிக்கண் கூலிக்கொலையாளிக்குப் போய்விட்டது. மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் ஷியாமளன் 2010இல் இதைப் படமாக்கியபோது நிலைமை இன்னும் மோசம்: ஆங், கட்டாரா, அவள் அண்ணன் சொக்கா மூவருக்கும் வெள்ளை நடிகர்கள், ஆக்கிரமிக்கும் நெருப்பு நாட்டுக்குத் தெற்காசிய முகங்கள். ரசிகர்கள் எதிர்த்துக் குரல் எழுப்பியதில் முழு நியாயம் உண்டு.

ஆனால் அந்த நெருப்பு நாட்டையே மூலத்தொடர் எவ்வளவு கவனமாகக் காட்டியது! மூன்றாம் பருவத்தில் ஆங் மாறுவேடத்தில் அந்நாட்டுப் பள்ளியில் போய் உட்காருகிறான். காற்று நாட்டின் படையை மன்னன் சோசின் வென்றதாக அங்கே பாடம் நடக்கிறது. அப்படியொரு படையே இருந்ததில்லை என்கிறான் ஆங். ஆசிரியர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்குப் பொய் கற்பிக்கப்பட்டிருக்கிறது. இளவரசன் சூக்கோ பின்னர் தகப்பனிடம் நேருக்கு நேர் சொல்வதும் இதைத்தான்: நம் மேன்மையை உலகோடு பகிரவே போர் என்று எங்களை நம்பவைத்தீர்கள், உலகமோ நம்மை வெறுக்கிறது.

நல்லவர் பக்கத்திலும் தப்பு உண்டு என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். பெண்களுக்குச் சண்டை வராது என்று பேசித் திரியும் சொக்காவை நான்காம் பகுதியில் கியோஷி தீவின் வீராங்கனைகள் மண்ணைக் கவ்வ வைக்கிறார்கள். பிறகு அவன் தலைவி சுக்கியின் முன் மண்டியிட்டுக் கற்றுத்தரக் கேட்கிறான். அவர்களுடைய நீண்ட அங்கியும் முகப்பூச்சும் அணிந்தால்தான் பயிற்சி என்கிறாள் அவள். அணிகிறான்.

2024இல் நெட்ஃபிளிக்ஸ் நடிகர்களை வைத்து இத்தொடரை மீண்டும் எடுத்தது. ஆசிய, பூர்வகுடி நடிகர்கள் பலர் நடித்தார்கள். 2010இன் அநீதி ஓரளவு சரியானது. அதே கையோடு சொக்காவின் ஆணாதிக்கப் பேச்சையும் குறைத்துவிட்டதாக நடிகர்களே வெளியீட்டுக்கு முன் பேட்டியில் சொன்னார்கள். எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. வீட்டில் அக்காளைப் பார்த்து அதே பேச்சைப் பேசும் பையனுக்கு, தன்னைப் போன்ற ஒருவன் தோற்று, வெட்கப்பட்டு, போய்க் கேட்டுக் கற்றுக்கொள்வதைப் பார்க்கும் வாய்ப்பு அந்தப் பேச்சு இருந்தால்தான் கிடைக்கும்.