இதயத்தில் குத்திய நங்கூரம்

ஜெர்மனியின் பெரிய துறைமுக நகரம் ஹாம்பர்க். கப்பலிலிருந்து இறங்கும் மாலுமிகளின் காசை நம்பி வளர்ந்த அதன் பகுதி சாங்க்ட் பவுலி. மதுக்கூடங்களுக்கும் பாலியல் தொழிலுக்கும் பேர்போன ரீப்பர்பான் தெரு அங்கேதான் இருக்கிறது. அப்பகுதியின் பீர் அஸ்ட்ரா. அதன் சின்னம் இதயமும் நங்கூரமும். மாலுமி கையில் பச்சை குத்திக்கொள்ளும் படம் இது. கரையில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்கிற பழைய கதை அதில் இருக்கிறது. காத்திருந்தவள் எதைத் தின்று பிழைத்தாள் என்பது இல்லை.

அஸ்ட்ரா நெடுங்காலம் உழைப்பாளிகளின் மலிவான பீராக இருந்தது. 1998இல் ஹோல்ஸ்டன் நிறுவனத்தின் கைக்கு வந்தபின், அதன் விளம்பரங்கள் சாங்க்ட் பவுலியின் முரட்டுத்தனத்தையே சரக்காக்கின. பச்சை குத்திய ஆண்கள், அரைகுறை உடையில் பெண்கள், கீழே ஒரு வாசகம்: 'ஏதும் ஆட்சேபணையா?'

கேள்விபோல் தோன்றினாலும் இது வாயடைப்பு. ஆட்சேபிக்கிற பெண் நகைச்சுவை புரியாதவள், அந்தத் தெருவின் வாழ்க்கை தெரியாதவள் என்று முன்கூட்டியே தீர்ப்பாகிவிடுகிறது. அந்தத் தெருவிலேயே வாழும் பெண்ணுக்கு ஆட்சேபணை இருக்கலாம் என்பது யோசனைக்கே வருவதில்லை.

அவளுக்குக் கோரிக்கைகள் இருந்தன. 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பாலியல் தொழிலாளி தன் கூலியை நீதிமன்றத்தில் கேட்கவும் சமூகக் காப்பீட்டில் சேரவும் வழிசெய்தது. கூலி கேட்கும் அந்தப் பெண் பீர் விளம்பரத்துக்கு ஆகமாட்டாள். சிரிக்கும் உடல் போதும். அதே பகுதியின் ஹெர்பர்ட் தெருவின் இரு முனைகளிலும் தடுப்புகள் நிற்கின்றன. அவை நாஜிகள் காலத்தில் வந்தவை. பெண்கள் நுழைய வேண்டாம் என்கிற பலகையும் அங்கே உண்டு. எல்லோரையும் அணைத்துக்கொள்ளும் பகுதி என்ற பெருமையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2000களின் தொடக்கத்தில் சாங்க்ட் பவுலியின் பழைய மதுவடிப்பாலை மூடப்பட்டு இடிக்கப்பட்டது. 2004இல் ஹோல்ஸ்டனை டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் வாங்கியது. ஆலை போனது, வேலை போனது. புட்டியின் மேல் இதயமும் நங்கூரமும் மட்டும் தங்கின. 'நம்ம ஊர் பீர்' என்று எந்த நிறுவனம் சொன்னாலும், அந்த 'நம்ம'வுக்குள் யாரெல்லாம் என்று கேட்க வேண்டும். அஸ்ட்ராவின் பதிலில் பெண்கள் படமாக இருந்தார்கள், ஊராராக இல்லை.