ஹூப்பரின் பஞ்சப் படங்கள்

வில்லோபி வாலஸ் ஹூப்பர் (1837–1912) சென்னை மாகாணக் குதிரைப்படையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி, புகைப்படக் கலைஞர். தாது வருடப் பஞ்சம் எனத் தமிழகம் நினைவில் வைத்திருக்கும் 1876–78 பஞ்சத்தில் பாதிக்கப்பட்டவர்களை அவர் படமெடுத்தார். எலும்பும் தோலுமான மனிதர்கள் முன்வரிசையில் அமர்ந்தும் பின்னால் நின்றும் கேமராவைப் பார்க்கும் குழுப் படங்கள் அவை. அவற்றுள் ஒன்றின் ஆங்கிலத் தலைப்புக்கு ‘இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள்’ என்று பொருள்.

படத்தைவிட இத்தலைப்பே அதிகம் சொல்கிறது. அரசு அன்று பஞ்சத்தில் வாடியவர்களை இரண்டாகப் பிரித்தது. உடலில் வலுவுள்ளவர் நிவாரண வேலைக்குச் செல்லவேண்டும். அதற்கும் இயலாதவருக்கே இலவச உதவி. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் ஆண் தொழிலாளியின் நாள்கூலியை ஒரு பவுண்டு அரிசியும் ஓரணாவும் என்று குறைத்தார். அது உயிர் தாங்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். ஆக, ‘தகுதி’ என்பது இங்கே இரக்கச் சொல் அல்ல. அது நிர்வாகம் போட்ட முத்திரை. உடல் எந்த அளவு உருக்குலைந்தால் தகுதி வரும் என்பதற்குப் படம் சாட்சியாக்கப்படுகிறது.

அன்று பரவலாக இருந்த ஈரத் தகட்டு முறையில் படமெடுக்க, அமர்ந்தவர் சில நொடிகளாவது அசையாமல் இருக்கவேண்டும். ஜமீன்தார்களும் வணிகர்களும் நாற்காலி, திரைச்சீலையுடன் இப்படித்தான் அமர்ந்தனர். அவர்களின் படத்துக்கு அடியில் பெயர் இருக்கும். நம் வீடுகளில் மாலையிட்டு மாட்டும் படத்திலும் பெயரும் நாளும் உண்டு. ஹூப்பரின் தலைப்புகளிலோ ஆளின் பெயர் இல்லை, ஊரும் இல்லை. உருவப்படத்தின் ஒழுங்கு முழுவதும் இருந்தும் உரியவர் இல்லை என்பதே இப்படங்களின் பெருங்குறை.

பசித்தவருக்கு உதவாமல் படமெடுத்தார் என்ற கண்டனம் ஹூப்பர்மீது அக்காலத்திலேயே எழுந்தது. பின்னர் பர்மாவில் மரணதண்டனை நிறைவேற்றத்தைப் படமெடுத்தது பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை சென்றது. ஆயினும் இப்படங்களை ஒதுக்கிவிட இயலாது. சுமார் 55 லட்சம் பேர் இறந்ததாகச் சொல்லும் மதிப்பீட்டுக்கு முகம் தருபவை இவையே. வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ சிவகங்கைச் சீமையிலிருந்து அதே பஞ்சத்தைப் பேசுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் குறைவு.

பெயரும் ஊரும் இல்லாத படம் எங்கும் ஒட்டிக்கொள்ளும். இதே படங்கள் 1943 வங்கப் பஞ்சத்தின் படங்களாகவும் இணையத்தில் பகிரப்படுகின்றன. ‘மெட்ராஸ்’ என்ற குறிப்பும் நகரையோ மாகாணத்தையோ சுட்டக்கூடும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சோழபுரம் வட்டாரம் அன்று அந்த மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இங்குள்ள ஒருவர் தம் ஊர் வரலாற்றை எழுதும்போது பஞ்ச அத்தியாயத்தில் இப்படத்தைச் சேர்க்கலாம். ஆனால் ‘எங்கள் ஊர் மக்கள்’ என்று அடியில் எழுத இடமில்லை. ஹூப்பர், 1876–78, சென்னை மாகாணம் என்று எழுதுவதே சரியான குறிப்பு.