வானியல் எழுத்தில் பிழையின் இடம்

தமிழ் இதழ்களில் வானியல் பற்றி எழுதப்படுவனவற்றைத் தொடர்ந்து வாசித்து வருவோர்க்கு இரண்டு வகை நடை பழகிப்போயிருக்கும். ஒன்று, ஒவ்வொரு புதிய கண்டுபிடிப்பையும் 'இதை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர்' என்று வரவேற்பது. மற்றொன்று, கருந்துளை, கரும்பொருள், கரும் ஆற்றல் என்று அடுக்கி, 'விஞ்ஞானமே விழி பிதுங்கி நிற்கிறது' என்று முடிப்பது. முஸ்லிம் இதழ்களும் இதற்கு விலக்கல்ல. கண்டுபிடிப்பு வெளியான மறுமாதமே அதற்கு ஏற்ற வசனத்தைத் தேடி எடுத்துவிடுகிறோம். அந்தக் கண்டுபிடிப்பு பின்னர் திருத்தப்படும்போது வசனத்தை என்ன செய்வது என்று எவரும் யோசிப்பதில்லை.

நெய்வேலிக்கு அண்மையிலுள்ள கம்மாபுரம் போன்ற ஊரில் இவ்விரு வகைக் கட்டுரைகளையும் படிக்கும் பள்ளி மாணவர் பெருமிதம் கொள்வார், அல்லது வியப்பு அடைவார். எதையும் அளந்தறியக் கற்கமாட்டார். ஏனெனில் இரண்டிலும் எண்கள் இல்லை. மர்மம் எனப்படுவது எவ்வளவு பெரியது, எந்த அளவீட்டிற்கும் எந்த அளவீட்டிற்கும் இடையே விழுந்த இடைவெளி அது என்பது சொல்லப்படுவதே இல்லை. நம் வட்டாரத்திலேயே, கடலூருக்கு வடக்கே கூப்பிடு தொலைவிலுள்ள புதுச்சேரியில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொண்டால் இக்குறை விளங்கும்.

சென்னை வானிலாய்வகத்தில் 1805 முதல் 1811 வரை பொறுப்பு வகித்த ஜான் வாரன், தென்னாட்டுக் கால கணிதத்தை விளக்கி 'கால சங்கலிதம்' என்னும் பெருநூலை 1825இல் வெளியிட்டார். (கோலாரில் பொன் உண்டென்று ஆங்கிலேயர்க்கு அறிவித்தவரும் இவரே.) புதுச்சேரியில் அவர் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். 'சாமி நாடன் சாஷியா' என்று தம் காதில் விழுந்தபடி அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அவர் ஏட்டையோ எழுதுகோலையோ தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சில சொற்களை முணுமுணுத்துக்கொண்டே 1825 மே, ஜூன் மாதங்களின் சந்தியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வானியல் கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது என்றும், நினைவாற்றல் மட்டும் அபாரமானது என்றும் வாரன் குறிக்கிறார்.

அந்தச் சொற்கள்தாம் கவனத்திற்குரியவை. பிஸ்மிக்கு 786 என்று எண் கொள்ளும் அப்ஜத் முறையை அறிந்த நம் வாசகர்க்கு இது புதிதன்று. அப்ஜத் எண்களைக் கூட்டுகிறது. 'கடபயாதி' எனப்படும் இம்முறை அவற்றை வரிசைப்படுத்துகிறது. 'தேவரம்' என்ற சொல்லில் தே எட்டு, வ நான்கு, ர இரண்டு. வலமிருந்து படித்தால் 248. 'காலநிலம்' என்பதில் ஒன்று, மூன்று, சுழியம், மூன்று, திருப்பினால் 3031. இவை நாட்கள். நிலவு பூமியை நெருங்கும்போது விரைந்தும் விலகும்போது தாழ்ந்தும் செல்கிறது. நெருங்கிய நிலையிலிருந்து மீண்டும் நெருங்கிய நிலைக்கு வர ஏறத்தாழ 27.5546 நாட்களாகும். இதை ஒன்பதால் பெருக்கினால் 247.99, நூற்றுப்பத்தால் பெருக்கினால் 3031.00. முதலாவதில் விடுபடுவது சுமார் 13 நிமிடம், இரண்டாவதில் ஒரு நிமிடத்திற்கும் குறைவு. கோட்பாடே அறியாத ஒருவர் நாவில் இத்துணை நுட்பமான எண்கள் உயிரோடு இருந்தன.

கணிப்பு பலித்ததா? கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை. தொடக்கப் பிழை ஒரு திசையில், முடிவுப் பிழை எதிர்த்திசையில். அதாவது கிரகணம் பிடிக்கும் நேரத்தைவிட அது நீடிக்கும் காலத்தில்தான் தவறு பெரிது. இதற்கு 60 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மற்றொரு கிரகணக் கணக்கும் உண்டு. வெள்ளியின் இடைநகர்வைக் காண வந்து 1761இல் கடலிலும் 1769இல் புதுச்சேரியின் மேகத்திலும் வாய்ப்பை இழந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜென்டில், தமிழரிடம் கற்ற முறையை 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தோடு ஒப்பிட்டார். கிரகண நீட்சியில் தமிழ்க் கணக்கு 41 நொடி குறைந்தது. ஐரோப்பாவின் மேயர் அட்டவணை 68 நொடி மிகுந்தது.

முன்னோர் பெருமை பேசுவோர் 41 நொடியை மட்டும் எடுத்துக்கொள்வர். மரபை ஏளனம் செய்வோர்க்கு 52 நிமிடம் போதும். நமக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும். ஒரு முறை ஓரிடத்தில் நெருங்கியும் மற்றோரிடத்தில் விலகியும் நிற்பது ஏன் என்ற கேள்வியிலிருந்துதான் ஆய்வு தொடங்குகிறது. அறிஞர் நாய்கெபவர் 1952இல் 'தமிழ் வானியல்' என்ற கட்டுரையில் இந்த எண்களைப் பின்தொடர்ந்து சென்று, 248 நாள் சுழற்சி பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருப்பதைக் காட்டினார். ஆக, சோழிகள் உருண்டது புதுச்சேரித் தரையில்; எண்கள் பிறந்தது எங்கோ. எவ்வழியாக, எவர் கைமாறி வந்தன என்பது இன்றும் முழுமையாகத் துலங்காத புதிர். எதிர்த்திசைப் பயணமும் உண்டு: எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கலீஃபா அல்மன்சூர் காலத்தில், இந்திய வானியல் பக்தாதில் 'சிந்துஹிந்த்' என அரபியாயிற்று.

இத்தகைய பொருளை எப்படி எழுதுவது என்பதற்கு நமக்கு முன்மாதிரி ஒன்று ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. அல்பிரூனி 1030ஆம் ஆண்டளவில் இந்தியா பற்றி எழுதிய நூலில் பிரம்மகுப்தரின் கணிதத் திறனை மனமாரப் போற்றுகிறார். அதே பிரம்மகுப்தர், கிரகணம் நிழலால் வருவதை அறிந்திருந்தும் ராகு கதைக்கு இடங்கொடுத்ததைக் கடிந்துகொள்கிறார். பின்னும் நிறுத்தாமல், சாக்ரடீஸுக்கு நேர்ந்த கதிக்கு அஞ்சி அவர் அப்படிச் செய்திருக்கலாமோ என்றும் எண்ணிப்பார்க்கிறார். பாராட்டு, கண்டனம், பரிவு மூன்றும் ஒரே இடத்தில் அமைந்த இத்தகைய திறனாய்வு நம் இதழ்களில் அரிது.

பிழையை ஒப்புக்கொள்வதா என்பது ஏட்டுப் பிரச்சினை மட்டுமன்று. சென்னை வானிலாய்வகத்தில் பணியாற்றி, 1867இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாசாரி, கண்ணால் காணும் வானத்தோடு ஒத்துப்போகுமாறு பஞ்சாங்கத்தைத் திருத்தவேண்டும் என்று வாதாடினார். 1874இன் வெள்ளி இடைநகர்வை விளக்கும் அவருடைய சிறு நூல் உருதுவிலும் வெளியாயிற்று. வாதம் இன்னும் தீரவில்லை. 2023இல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17. திருநள்ளாற்றில் வாக்கியப்படி டிசம்பர் 20. ஒரே கோளுக்கு 11 மாத வேறுபாடு. பிறை பார்ப்பதில் ஆண்டுதோறும் நாம் நடத்தும் வழக்கை எண்ணிப் பார்த்தால் அடுத்த வீட்டைப் பார்த்து நகைக்கத் தோன்றாது.

இன்றைய பெரும் புதிரும் இதே வடிவில்தான் இருக்கிறது. பிரபஞ்சத்தின் விரிவு வேகம் அடைந்து வருவதை 1998இல் இரு குழுக்கள் அறிவித்தன. அதற்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. எவ்வளவு விரைவாக விரிகிறது என்பதில்தான் சிக்கல். தொல்பழம் நுண்ணலைக் கதிர்வீச்சிலிருந்து கணக்கிட்டால், 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு நொடிக்குச் சுமார் 67 கிலோமீட்டர். செபீட் விண்மீன்களையும் வெடிக்கும் மீன்களையும் அளந்து கணக்கிட்டால் சுமார் 73. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே செபீட் மீன்களை மீண்டும் அளந்தது. ஹபிளின் அளவீட்டில் பெருந்தவறு இல்லை என்று 2023இல் தெரிந்தது. வெண்டி ஃபிரீட்மன் குழுவினர் வேறு வகை விண்மீன்களையும் சேர்த்து அளந்து, 2024இல் 70ஐ ஒட்டிய எண்ணைப் பெற்றனர். அதே ஆண்டும் 2025லும் அரிசோனாவின் டெசி கருவி, கரும் ஆற்றல் காலப்போக்கில் மாறுகிறதோ என்ற ஐயத்தைக் கிளப்பியிருக்கிறது. உறுதி என்று சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை.

67, 70, 73. இம்மூன்று எண்களையும் அருகருகே வைத்து, யார் எதை அளந்தார் என்று விளக்கிய தமிழ்க் கட்டுரை எதுவும் நம் கைக்கு இதுவரை வந்து சேரவில்லை. விழி பிதுங்கும் கட்டுரைகள் மாதந்தோறும் வருகின்றன.